என்னைக் கேட்காமல் அனுப்பக் கூடாது

காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் எங்களைக் கேட்டில் இறக்கிவிடும். வாட்ச்மேன் அறைச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, புறாக்கூண்டு மாதிரி தடுப்புத் தடுப்பாக. செல்போனை அணைத்து, திரை கறுத்துவிட்டதை வாட்ச்மேனிடம் காட்டி, அவரவர் தடுப்பில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என்னுடையது ஒன்பதாவது தடுப்பு. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது என்பது தாயில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். முன்பெல்லாம் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டு வைப்போம். ஏதாவது விடாமல் அதிர்ந்தால் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, ஆளுக்குச் சொல்லி அனுப்புவார். முப்பது போன் மாறி மாறி அதிர, அவர் அதையே பார்த்துக்கொண்டு கேட்டைக் கோட்டைவிடுகிறார் என்று முதலாளி குறைப்பட்டார். முழுசாக அணைத்துத்தான் வைக்கவேண்டும் என்று ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். அங்கே நான் போர்மேன். பொம்பளையாக இருந்தாலும் போர்மேன்தான்.

அந்த அட்டை எழுதியது சித்திரையில். அதே சித்திரையில் இன்னொரு காகிதமும் எழுதினேன். அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். எண்பது வயது வரை மக்காச்சோளம் போட்டார். கிணற்று மேட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு சிவகாசிக்கு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நான் விடிந்ததும் கம்பெனிக்குப் போகிறவள். வீட்டுக்காரர் பிரஸ்ஸில். ஒரே மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். பகலெல்லாம் அப்பா தனியாக இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், கக்கூஸ் வாசலில் ஒருக்களித்துக் கிடக்கிறார். மதியச் சங்கு ஊதுகிறதற்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார். தூக்கி உட்காரவைத்ததும் சொன்னது இதுதான்: "ஏத்தா, என்னைய எங்கனயாச்சும் ஆள் இருக்க எடத்துல கொண்டு விடு. கூப்ட்டாக் கேக்கணும், அம்புட்டுத்தான்."

விருதுநகருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். அங்கே சேர்த்தேன். தம்பி சென்னையிலிருந்து பேசினான், சரி என்றான். கம்பெனியில் யாராவது அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், தம்பி வீட்டில் இருக்கிறார் என்று சொன்னேன். நிலபுலம் உள்ள குடும்பம், பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், தகப்பனை ஹோமில் விட்டிருக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊருக்குப் போக ஒரு வேன் பயணம் போதும். அதனால் சென்னை. முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறியது. பிறகு பழகிவிட்டது.

பங்குனியில் அப்பாவுக்குச் சிறுநீரில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. ஹோமின் பொறுப்பாளர் அம்மா, முன்னாளில் நர்ஸாக இருந்தவர், யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். பத்து நாள். இரவு பகல் பிசகி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப்போட்டார் என்று இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்கள். நான் வேலைக்கு ஓடிவிட்டு சாயங்காலம் போய்ப் பார்த்தபோது மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் முதுகில் படுக்கைப்புண். ஹோமுக்குத் திரும்பி வந்தவர், ஒன்றரை வருடமாகத் தினமும் போய்வந்த கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"என்னையக் கெட்டிப் போட்டுட்டாகளே தாயி" என்பதைத் தவிர அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பொறுப்பாளர் அம்மாவிடம் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. மாத்திரையில் போகிற காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி எதற்கு, உங்கள் தலையிலிருந்து சுமையை இறக்கிவைக்கத்தானே அனுப்பினீர்கள் என்று மற்ற பெரியவர்கள் காதில் விழும்படி கேட்டேன். அங்கேயே அவர் மேஜையில் ஒரு தாளை வாங்கி எழுதினேன்: "என் தகப்பனாரை, என்னைக் கேட்காமல் எந்த மருத்துவமனைக்கும் அனுப்பக் கூடாது." 'கேட்காமல்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. கீழே என் செல்போன் நம்பர். கம்பெனி கேட்டில் ஒரு லேண்ட்லைன் இருக்கிறது. அதை எழுதவில்லை. எழுதினால் ஹோமிலிருந்து போன் வரும், வாட்ச்மேன் எடுப்பார், சென்னைக் கதை கிழிந்துபோகும்.

அட்டை கேட்டில் இருந்தது, காகிதம் ஹோமில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் என் கையெழுத்துதான். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து நான் படித்துப் பார்க்கவில்லை.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காற்று பேயாக அடித்தது. காற்றுக் காலத்தில் மண் துகள் பறக்கும், காயப்போட்ட வெடிச்சரம் புரண்டு உரசும், எனக்கு நிலைகொள்ளாது. தீபாவளி ஆர்டர் வேறு நெருக்கியது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று ஷெட் ஷெட்டாக நடந்துகொண்டே இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கும் கேட்டுப் பக்கம் வரவில்லை.

நாலரைக்கு ஒன்பதாம் தடுப்பிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தேன். அது கையிலேயே அதிர ஆரம்பித்தது. தவறிய அழைப்புகளின் குறுஞ்செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஹோம், ஹோம், ஹோம், மகள், வீட்டுக்காரர், மறுபடி ஹோம். நிற்கவே இல்லை.

மகளைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் அழுதாள்.

"அம்மா, தாத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டேன். நீ வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கியாமே. நான் தப்பு பண்ணிட்டேனாம்மா?"

"இல்லடி. இல்ல. என்ன ஆச்சு, அதச் சொல்லு மொதல்ல."

அவள் சொன்னதையும் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். காலை எட்டரைக்கு அப்பா இட்லியைத் தொடவில்லை. மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஆக்சிஜன் குறைவாகக் காட்டியது. ஒன்பது மணிக்குப் பொறுப்பாளர் அம்மா என் நம்பரைப் போட்டார். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தக் குரல் சொன்னது. பத்து நிமிஷம் கழித்துப் போட்டார். மறுபடி அதே குரல். வீட்டுக்காரர் பிரஸ்ஸில் மிஷின் ஓடும் சத்தத்தில் நின்றார், கேட்கவில்லை. தம்பி மீட்டிங்கில். சேர்க்கும்போது நான் கொடுத்திருந்த பழைய படிவத்தைத் தேடி எடுத்து, மகள் நம்பரைப் பிடித்து, வகுப்பு முடிந்து அவள் எடுக்கும்போது மணி பதினொன்றே முக்கால். என் எழுத்தையும் இரண்டு கோட்டையும் அவள் பொருட்படுத்தவில்லை. "ஏன் ஆன்ட்டி இன்னும் வச்சுக்கிட்டிருக்கீங்க? கொண்டு போங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றிருக்கிறாள். பத்தொன்பது வயது.

"ஆஸ்பத்திரில தாத்தாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் சொல்லித்தான ஆச்சுன்னு ஆகும்?" என்று கேட்டாள்.

வேன் கிளம்பிவிட்டது. உள்ளே பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "என்ன மேடம், மகளுக்கு எதுவுமா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், காய்ச்சல் என்றேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்த நேரத்திலும் அந்தப் பொய் தானாக வந்தது. சிவகாசி வரை வேன், அங்கிருந்து விருதுநகர் பஸ். பஸ் திருத்தங்கல் ரயில்வே கேட்டில் நின்றது. இறங்கி ஓடலாமா என்று படியில் வந்து நின்றேன். "ஓடிப்போயி என்னம்மா செய்யப் போறீக, ரயிலத் தள்ளப் போறீகளா?" என்று கண்டக்டர் கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. ஆக்சிஜன் மூடி முகத்தில் பாதியை மறைத்திருந்தது. கண் மூடியிருந்தது. மருத்துவர் இளம்பெண், என் மகளைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருக்கலாம்.

"மூச்சுத்திணறல் எத்தன மணிக்கு ஆரம்பிச்சது?"

"எட்டர."

"இங்க வந்தது பன்னெண்டே முக்கால். பக்கத்துலதான இருக்கு அந்த ஹோம்?"

"ஆமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "ரெண்டு நாள் போகணும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பொறுப்பாளர் அம்மா மதியத்திலிருந்து அங்கேயேதான் இருந்தார். வராண்டா பெஞ்சில் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் பாய்ந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"நர்ஸ் வேல பாத்தவுகதான நீங்க? மூணு மணி நேரம் பாத்துக்கிட்டா இருந்தீக?"

அவர் சத்தம் போடவில்லை. "ரெண்டு கோடு போட்டு எழுதிக் குடுத்திருக்கீக தாயி. போன தடவ அனுப்புனதுக்கு என்ன பேச்சு பேசினீக, மறந்துட்டீகளா? இந்தத் தடவ அனுப்பலன்னு பேசுறீக. நான் எந்தப் பக்கம் நிக்க?" மடியில் இருந்த பையை நகர்த்தி வைத்துக்கொண்டு, "பத்து மணிக்கே மனசு கேக்கல. ஆம்புலன்ஸ் நம்பரப் போட்டுட்டுக் கட் பண்ணினேன். ஒங்க காயிதம் கண்ணு முன்னால நிக்கி" என்றார்.

பைக்குள் அப்பாவின் பல்செட்டும் ஒரு மாற்று வேட்டியும் இருந்தன. போன தடவை பல்செட் தொலைந்துபோயிற்று என்று நான் கத்தியது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

அந்த இரண்டு நாளும் போயின. நான் லீவு சொன்னேன். சீசனில் போர்மேன் லீவு எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மகளுக்கு டெங்கு என்று சொன்னேன். நல்லா இருக்கிற பிள்ளைக்கு நோய் சொன்னதில் இன்னொரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. மணிக்கு ஒருதரம் அவளைக் கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். "ஒனக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள்.

நாலாம் நாள் மத்தியானம் அப்பா கண் திறந்தார். திறந்தவர் எங்களூர்க் கிணற்றடியில் இருந்தார்.

"மோட்டார நிப்பாட்டு. தண்ணி வரப்ப ஒடச்சுக்கிட்டுப் போகுது, பாத்துக்கிட்டு நிக்கியே."

ஆக்சிஜன் மூடியை இழுத்தார். ஊசியை இழுத்தார். வார்டு நர்ஸ் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர்மேல் தப்பில்லை, அந்த வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் ஒருத்தர்தான். "கெட்ட வேண்டாம். நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றேன். "எம்புட்டு நேரம் பிடிப்பீக?" என்றார். தெரியாது என்றேன்.

மூன்று மணி நேரம் பிடித்தேன். கையை இழுப்பார், விடமாட்டேன். தோல் கிழங்குத் தோல் மாதிரி நழுவியது, அழுத்தவும் பயமாக இருந்தது. நடுவில் ஒருதரம் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, கைய விடு. நான் என்ன களவாணியா?" என்றார். நான் யாரென்று தெரிந்து சொன்னாரா, வேறு யாரிடமோ சொன்னாரா, தெரியவில்லை. சரி விடுதேன், சரி விடுதேன் என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தேன். மோட்டாரை நிப்பாட்டிவிட்டேன் என்று நாலைந்து தடவை சொன்ன பிறகு அடங்கினார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தவர் சக்கர நாற்காலியில்தான் ஹோமுக்குத் திரும்பினார். அந்த மூன்று மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோயிருந்தால் நடந்திருப்பாரா என்று நான் அந்த மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

திரும்பி வந்த மறுநாள் பொறுப்பாளர் அம்மா என் காகிதத்தை மேஜையில் விரித்துவைத்தார். "இத என்ன செய்ய தாயி? கிழிக்கவா, வச்சிருக்கவா?"

பேனாவை எடுத்தேன். ஒரு வரியும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் அனுப்பு என்று எழுதினால் பங்குனி. அனுப்பாதே என்று எழுதினால் ஆடி. ஜன்னல் பக்கம் அப்பா சக்கர நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது, முதல் காகிதம் எழுதும்போதும் அவர் இதே ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அப்பா, இனிமே ஒடம்புக்கு முடியலன்னா என்ன செய்யட்டும்?"

எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கும்.

"மூச்சு முட்டுனாக் கொண்டு போகச் சொல்லு. மூச்சு முட்டுறது பொல்லாதது தாயி, கெணத்துக்குள்ள கெடக்க மாதிரி இருக்கும். விழுந்து எலும்பு ஒடஞ்சாலும் கொண்டு போகட்டும். காய்ச்சலு, வயித்துப்போக்கு இதுக்கெல்லாம் இங்கனயே மாத்திரையக் குடுக்கட்டும், டாக்டரு வந்து பாக்கட்டும். அங்கன போனா ஒரு ஆளு பக்கத்துல இருக்கணும். கையக் கெட்டக் கூடாது." பிறகு, "ஒன்னையக் கேக்கணும்னு யாரும் காத்துக்கெடக்க வேண்டாம். நீ உள்ள வெடி பாத்துக்கிட்டு இருப்ப" என்றார்.

அப்படியே எழுதினேன், அவர் சொன்ன வரிசையில். அவர் கைநாட்டு வைக்கமாட்டார், கையெழுத்துப் போடுகிறவர். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பொறுப்பாளர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "சரி. காத்திருக்க மாட்டோம். ஆனா சொல்லணும்ல. பகல்ல ஒங்கள எப்படிப் பிடிக்க?" என்றார்.

கேட்டு லேண்ட்லைன் என் வாய்க்குள் நின்றது. அப்பா என்னையே பார்த்தார்.

"கம்பெனில நீங்க தம்பி வீட்ல இருக்கிறதாச் சொல்லியிருக்கேம்ப்பா" என்றேன்.

"சென்னைலயா?"

"ஆமா."

"எம்புட்டு நாளா அங்கன இருக்கேன்?"

"ரெண்டு வருசமா."

"கடலுக்குக் கூட்டிட்டுப் போனானா?" என்று கேட்டார். பொறுப்பாளர் அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. நாற்காலிச் சக்கரத்தைத் தானே தள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தள்ளுவதற்கு அவருக்குத் தெம்பில்லை, அரைவட்டம்தான் திரும்பியது.

நம்பரை எழுதிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை கேட்டில், பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் அறுபதைத் தாண்டியவர், இடது முழங்கால் மடங்காது. "அண்ணே, ஒரு விஷயம். எங்கப்பா சென்னைல இல்ல. விருதுநகர்ல..."

"ஹோம்ல இருக்காக. தெரியும் மேடம்."

"எப்படி?"

"எங்க மச்சினன்தான் அங்கன பால் ஊத்துறான். ஒங்கப்பாவுக்கு ஆடயில்லாம ஆத்திக் குடுக்கணுமாம்ல? ஒரு வருசமாத் தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லலையாண்ணே?"

"எல்லாருக்கும் தெரியுமே. நீங்க சொல்லல, நாங்களும் கேட்டுக்கிடல" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "மகளுக்கு டெங்குன்னீகளே, அது நெசமா?" என்றார்.

அங்கேயே அந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக அவருக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஹோமிலிருந்து லேண்ட்லைனுக்கு ஒரு போன் வந்திருந்தால், அந்த மடங்காத காலோடு அவர் வந்து சொல்லியிருப்பார். ஒன்பதே காலுக்கு எனக்குத் தெரிந்திருக்கும். யாருக்குப் பயந்து அந்த நம்பரை எழுதாமல் விட்டேனோ, அவருக்கு என் அப்பா பாலை எப்படிக் குடிப்பார் என்பது வரை தெரிந்திருக்கிறது.

கம்பெனியில் தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று நாங்கள் ஒத்திகை பார்ப்போம். மணி அடித்து, எத்தனை நிமிஷத்தில் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வருகிறார்கள் என்று நான்தான் குறிப்பேன். அதே மாதிரி இதற்கும் ஒன்று பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும் என்று தோன்றியது. பொறுப்பாளர் அம்மாவிடம், நாளைக்குச் சரியாகப் பத்து மணிக்கு கேட்டுக்குப் போன் போடுங்கள், சும்மா ஏதாவது ஒரு சேதி சொல்லுங்கள் என்றேன். வாட்ச்மேன் போனை வைத்துவிட்டு, மாற்று ஆளைக் கேட்டில் நிறுத்திவிட்டு, நான் எந்த ஷெட்டில் இருந்தாலும் தேடி வரவேண்டும்.

பத்து மணிக்கு வேண்டுமென்றே கடைசி ஷெட்டில் நின்றேன். வாசலில் இருக்கிற செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க. நான் உள்ளே போகவில்லை, வெளியே வரவுமில்லை. தகட்டில் கையை வைத்தபடி கேட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொய்ச் சேதிதான் வரப்போகிறது என்று தெரிந்தும் அந்தப் பாதையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மூன்று நிமிஷம். ஐந்து. உள்ளே திரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள், "என்ன மேடம், யாரும் சோதனைக்கு வாராகளா?" என்று கேட்டார்கள்.

எட்டாவது நிமிஷம் மரங்களுக்கு நடுவே அவர் தெரிந்தார். காலை இழுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் வந்து சொன்னால் போதாதா, முப்பதடி தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம்! ஹோம்ல இருந்து போனு! ஒங்கப்பா ஒரு சேதி சொல்லச் சொன்னாக!"

ஷெட்டில் எல்லாக் கையும் நின்றது.

"சட்னில உப்பு இல்லையாம்! சென்னைல இப்படி இல்லையாம்!"

உள்ளே நாலு பேரும் சிரித்தார்கள். மற்ற ஷெட்டிலும் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்போ எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. நானும் சிரித்தேன். அவர் என் பக்கத்தில் வந்து சேரப் பதினோரு நிமிஷம் என்று பையிலிருந்த சின்ன நோட்டில் குறித்தேன். நிஜமாக ஒரு நாள் இந்தப் போன் வரும்போது, அந்தப் பதினோரு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் ஹோம் வாசலுக்கு வந்திருக்கும். எனக்காக நிற்காது.

குறித்து முடித்துப் பார்த்தால் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் நடுங்குகிற கையோடு போகக் கூடாது என்பதும் என் விதிதான். தகட்டில் கையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.